ஷெரிஃபின் கையில் கயிறு

அந்த வருஷம் எங்கள் மாவட்டத்துக்கு ஷெரிஃப் ஆனவர் லயனல் ஆஷ்விக். சுருளில் எழுதிய பெயர்களில் ஒன்றின் மேல் மன்னர் வெள்ளி ஊசியால் குத்துவார். துளை விழுந்த பெயர்க்காரர் ஒரு வருஷம் ஷெரிஃப். ஒரு காலத்தில் ஷெரிஃப் வரி வசூலித்தார், படை திரட்டினார், அவர் வைத்ததே சட்டம். எங்கள் காலத்தில் மிஞ்சியது கொஞ்சம்தான். ஊர் ஊராகச் சுற்றி வழக்கு விசாரிக்க வரும் நீதிபதியை எல்லையில் எதிர்கொண்டு, ஊதுகொம்பும் ஈட்டிக்காரர்களுமாக அழைத்து வந்து விருந்து வைக்க வேண்டும். அவர் தூக்கு என்று சொன்னவர்களைத் தூக்கில் போட வேண்டும். கொம்பும் விருந்தும் ஷெரிஃபுக்கு; மிச்ச வேலையெல்லாம் துணை ஷெரிஃபான எனக்கு. நான் வக்கீல், பெயர் ஹம்ஃப்ரி பெக்.

நீதிபதிக்கு வைத்த விருந்தில் என் மனைவி ஹன்னாவுடன் மேசையில் உட்காரப் போனேன். ஆஷ்விக் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஏய் மைக்கூடு, நீ எங்க இங்க? மேசை விரிப்புல மை கொட்டிடப் போவுது. உன் பொஞ்சாதியக் கூட்டிட்டு சமையக்கட்டுக்குப் போ. அங்க ஆட்டுக்கறி மிச்சம் இருக்கும்."

நீதிபதிகூடச் சிரித்தார். ஹன்னாவும் நானும் சாப்பிடாமலே வீடு திரும்பினோம்.

மறுநாள் ரூபன் கார்த்துக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. ஆஷ்விக்கிடமே ஆடு மேய்த்தவன் அவன். அவர் மந்தையிலேயே இரண்டு ஆட்டைத் திருடி விற்றிருந்தான். அடுத்த வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். திங்களன்று எங்கள் தூக்குக்காரன் குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான்.

பக்கத்து மாவட்டத்துக்கு ஆள் கேட்டு எழுதினேன். புதன் காலையிலேயே பதில் வந்தது: 'ஒரு தூக்குக்காரன் இருக்கிறான், அனுபவமுள்ளவன். சரி என்றால் இந்தக் குதிரைக்காரனிடமே சொல்லியனுப்புங்கள், இன்றே அனுப்பிவைக்கிறோம்.' இரண்டு முறை படித்தேன். "வேண்டாம்னு சொல்லிடு" என்று குதிரைக்காரனை அனுப்பிவிட்டு, கடிதத்தை அடுப்பில் போட்டேன். பிறகு ஆஷ்விக் வீட்டுக்குப் போனேன்.

"ஆள் கெடைக்கலைங்க."

"கெடைக்கலைன்னா? தேடு!"

"கசாப்புக்காரன்கூட கதவச் சாத்திட்டான். ஆள் இல்லைன்னா ஷெரிஃபே செய்யணும், அதான் சட்டம்."

அவர் முகம் வெளுத்தது. "நீ பண்ணேன், பெக்."

"உத்தரவுல உங்க பேருதாங்க இருக்கு."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. ரூபனைப் பற்றி அப்போது நான் ஒரு கணமும் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை சந்தை மைதானம் நிரம்பி வழிந்தது. தூக்குமரத்தடியில் நின்ற குதிரை வண்டியில் ரூபன் கை கட்டப்பட்டு நின்றான். வெள்ளைக் கையுறையும் இடுப்பு வாளுமாக ஆஷ்விக் ஏறினார். கூட்டம் ஊளையிட்டது. கயிறு இரண்டு முறை அவர் கையிலிருந்து நழுவியது.

"முடிச்சு எடது காதுக்குக் கீழ வரணும் எசமான்," என்றான் ரூபன் மெதுவாக. "பின்னால போட்டா ரொம்ப நேரம் ஆவும்னு சொல்றாங்க. கொஞ்சம் பாத்துப் போடுங்க."

"வாய மூடு," என்றார் அவர். அழுகிற குரல். முடிச்சைப் பின்கழுத்தில் போட்டுவிட்டு இறங்கி ஓடினார். குதிரையை விரட்டினார்கள்; வண்டி ரூபனின் காலடியிலிருந்து விலகியது.

ரூபன் சாகவில்லை. கால்கள் எதையோ தேடி உதைத்தன. முதலில் கூட்டம் சிரித்தது, பிறகு அடங்கியது. தேவாலயக் கடிகாரம் கால்மணி அடித்தும் உதைப்பு நிற்கவில்லை. ஆஷ்விக் தன் கோச்சு வண்டிக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

ரூபனின் மனைவி டார்க்கஸ் ஈட்டிக்காரர்களிடம் மன்றாடினாள். "காலப் புடிச்சு இழுக்க விடுங்கய்யா, சீக்கிரம் போய்ச் சேரட்டும்!"

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தேன். அவள் ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். பட்டினி கிடந்த உடம்பு, எடையே இல்லை. அவனோடு சேர்ந்து ஆடினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களும் புடிங்கய்யா. என்னால முடியல."

போனேன். இடது காலை அவள் பிடித்திருந்தாள். வலது காலை நான் பிடித்தேன். காலுறை நனைந்து சூடாக இருந்தது. என் முழு எடையையும் கொடுத்துத் தொங்கினேன். மேலே ஏதோ முறிந்தது கேட்டது. அப்புறம் கால் சும்மா கனத்தது.

டார்க்கஸ் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "ஊர்ல இத்தனை பேரு இருந்தும் நீங்க ஒருத்தர்தான்யா மனுஷன்."

அடுப்பில் போட்ட கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை.

அன்று முதல் ஆஷ்விக் என்னை 'மிஸ்டர் பெக்' என்றே அழைத்தார். பார்வை மட்டும் என் கைகளைவிட்டு விலகாது. அவர் முறை முடிந்து அடுத்தவர் பெயரில் துளை விழுந்தது. நான் அதே வேலையில் தொடர்ந்தேன்.

தூக்குக்கு அடுத்த வாரம் டார்க்கஸ் நான்கு மைல் நடந்து வந்து ஆறு வாத்து முட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஹன்னா வேகவைத்தாள். உட்கார்ந்து இரண்டு சாப்பிட்டேன்.