பூங்காவுக்கு வந்த பிள்ளையார்

என் வீட்டுக்காரர் ரெங்கராஜுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. தினமும் நடக்க வைக்காவிட்டால் கால் அப்படியே விறைத்துப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே நடக்க வைப்பது? புத்தூரில் எங்கள் தெருவில் பைக்கில் போகிறவன் ஆளை இடித்துவிட்டு, இடிபட்ட ஆளையே திட்டிவிட்டும் போவான்.

தெருக்கோடியில் ஒரு பூங்கா இருக்கிறது. பேருக்குத்தான் பூங்கா. ஊஞ்சலில் சங்கிலி மட்டும் தொங்கும். நடைபாதை முழுக்கக் குப்பை, உடைந்த பிராந்தி பாட்டில். மனு கொடுக்க நடையாய் நடந்தேன். ஏனென்று கேட்க நாதியில்லை.

"இதுக்கு ஆபீசரு வேணாங்க்கா, பிள்ளையார் போதும்" என்றார் டீக்கடைப் பெரியண்ணன். அசிங்கம் பண்ணுகிற சுவரில் சாமி படம் ஒட்டுவோமே, அந்த யோசனைதான். அவரே ஒரு சின்னப் பிள்ளையாரைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்து, அருகம்புல் சாத்தினார்.

அடேயப்பா! ஒரே வாரத்தில் குடிகாரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். குப்பை கொட்ட வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். பெண்கள் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டார்கள். என் தோளைப் பிடித்தே நடந்தவர், ஒருநாள் பிடியை விட்டுவிட்டு மரம் வரைக்கும் தனியாகப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அது பொறுக்குமா? சதுர்த்திக்கு முதல் பூஜை யாருக்கு என்று மேலத்தெருக்காரர்களும் கீழத்தெருக்காரர்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே இல்லை, அதற்குள் இந்த லட்சணம்! போலீஸ் வந்தது. சமாதானம் ஆகும்வரை என்று கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

பெரியண்ணனிடம் ஓடினேன். "அந்தப் பிள்ளையாரை எடுத்துடுங்களேன் தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வச்ச சாமியை எப்படிக்கா எடுக்கறது? குடும்பத்துக்கு ஆகாதுக்கா" என்றார்.

சாமியை எடுக்கக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு தெருவும் ஒற்றுமை. நான் யார் காலில் போய் விழுவது?

இப்போது இளவட்டங்கள் சுவரேறிக் குதித்து விளக்கேற்றுகிறார்கள். இவர் வெளியே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நேற்று வீட்டுக்குக் கூப்பிட்டேன். இடது கால் நகரவே இல்லை.

"கொஞ்சம் தூக்கி வை மயிலு" என்றார்.

குனிந்து அவர் காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்தேன். உள்ளே மணி அடித்தார்கள். கும்பிட எனக்குக் கை ஒழியவில்லை. மனசும் வரவில்லை.