எலுமிச்சை மஞ்சள்

சுரங்கத்து ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையைச் சாயப்பட்டறை மச்சான் ஒருநாளும் மதித்ததில்லை. தங்கையைக் கட்டிக்கொடுத்துப் பன்னிரண்டு வருடமாக அவரைக் கூப்பிடுவதே ‘மண்ணு’ என்றுதான். ஓடையில் சிவப்புத் தண்ணீர் விட்ட பட்டறைக்கு மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி தேதி குறித்தார்: அன்று கழிவுத் தொட்டியில் தெளிந்த நீர் இல்லையென்றால் சீல். உடனே மச்சான் வீடு தேடி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“ஒங்க மண்ணு சாயத்த இழுக்கும்னு தங்கச்சி சொன்னா.”

இழுக்கும். தாது எடுத்தபின் சுரங்கத்தில் குவிந்து கிடக்கும் கழிவுமண்ணைக் கழுவி, சூளையில் வறுத்துச் சலித்தால் சாயம் அதில் ஒட்டிக்கொள்ளும். மாப்பிள்ளை பத்து வருடமாகச் சொல்கிறார், கேட்கத்தான் நாதியில்லை. இப்போது எட்டு மூட்டையைத் தொட்டியில் கொட்டி, இரண்டு நாள் கலக்கி, ஒருநாள் தெளியவிட்டார். அடியில் படிந்த மண் தெரிந்தது. மனிதர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மதியம் அதிகாரி பாட்டிலுடன் வந்தபோது தொட்டியில் ஈரமண் மட்டுமே இருந்தது.

“தண்ணி எங்கங்க?”

மச்சான் பார்த்த பார்வைக்கு மண் வெந்தே போயிருக்கும். ஏற்கெனவே வெந்த மண் என்பதால் தப்பித்தது.

துணிக்குச் சாயம் போடும் டையிங் மாஸ்டர் கையைத் துடைத்தபடி வந்தார். “நான்தான் காலையில மோட்டார் போட்டு எடுத்தேன். அவசர ஆர்டர், குழாயில தண்ணி வரல.”

“அது கழிவுய்யா.”

“இருபது வருஷமா பாக்குறேன் மொதலாளி. கழிவுன்னா செவப்பா இருக்கும். லாரித் தண்ணி வாங்கி ஊத்தியிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

அதிகாரி பாட்டிலை மூடினார். “என்ன கலர் போட்டீங்க?”

“எலுமிச்சை மஞ்சள்.”

சாயத்தொழிலில் அதைப்போல ஒரு கோள்மூட்டி நிறம் கிடையாது. தண்ணீரில் துளி சிவப்பு மிச்சமிருந்தாலும் ஆரஞ்சாகிக் காட்டிக்கொடுத்துவிடும். கொடியில் காய்ந்த துணியின்மேல் நல்ல தண்ணீரில் போட்ட பழைய சாம்பிளை வைத்து, அதிகாரி முனைக்கு முனை ஒப்பிட்டுப் பார்த்தார். மாஸ்டரும் பார்த்தார். இரண்டும் ஒரே மஞ்சள்.

“இதுல ஒரு துண்டு வெட்டிக் குடுங்க. ஆனா நான் தண்ணியத்தான் சோதிக்கணும். ஒரு வாரம் டைம் தரேன்” என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

மச்சான் கொடியில் கிடந்த துணியைத் தடவிப் பார்த்தார்.

“இன்னும் எத்தன மூட்டை வேணும், மாப்பிள்ளை?”

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

“எட்டு” என்றார் மாப்பிள்ளை. பிறகு மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.