ஆளில்லாச் சுவர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான். கடைசி வரியில் திருப்பம் வைத்துப் பிழைக்கிறவன்தான், ஆனாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்தில் இருக்கிறேன்.

வாரப் பத்திரிகை ஆசிரியர் கேட்டது வேறு. "பூசான் நகரத்துல உங்க கட்டடத்துக்குக் கண்ணாடி துடைக்கிற ரோபோ வந்திருக்காமே? அது ஒருத்தனைக் கொல்ற மாதிரி ஒரு தொடர் குடுங்க சார்."

எழுதினேன்:

நாற்பதாவது மாடியில் அந்த இயந்திரத்தின் சிவப்புக் கண் திறந்தது. அதற்கு ரத்தம்

(அடித்துவிட்டேன். சிவப்புக் கண்ணெல்லாம் கிடையாது. எஃகுக் கயிற்றில் தொங்கும் டப்பா, அடியில் இரண்டு உருளைத் தூரிகை. கடற்காற்று அடித்தால் சன்னல் விளிம்பில் மாட்டிக்கொண்டு கன்றுக்குட்டி மாதிரிக் கத்தும். வில்லன் வேலைக்கு லாயக்கில்லை.)

2

நடந்தது இது. மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. முப்பத்தோராவது மாடியில், என் மேசைக்கு நேர் எதிரே டப்பா மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கயிற்றுப் பலகையில் உட்கார்ந்தபடி மா யோங்தே இறங்கினார். பத்தொன்பது வருடம் எங்கள் கண்ணாடியைத் துடைத்தவர். டப்பா வந்ததும் வேலை போனவர். என்னைப் பார்த்ததும் இரண்டு விரலால் தட்டச்சு செய்வதுபோல் காட்டிக் கிண்டல் பண்ணினார். எப்போதும் செய்வதுதான்.

விளிம்பிலிருந்து டப்பாவை நெம்பினார். விடுபட்டது. அதே நேரம் காற்று. டப்பா ஊசலாடித் திரும்பி வந்து அவர் இடுப்பில் மோதியது. மனிதர் இரண்டாக மடங்கிப்போனார். ஒற்றைக் கையால் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித் தானே கீழே இறங்கினார், முப்பத்தொரு மாடியும். ஆம்புலன்ஸ் அவரை எடுத்தது தரையிலிருந்து.

அந்தத் 'தரையிலிருந்து'தான் டப்பாவை ஓட்டும் கம்பெனிக்குக் கிடைத்த லாட்டரி.

3

கம்பெனி ஏட்டில் அன்றைய பக்கம்: "ஆளில்லாப் பணி. சுவரில் ஆட்கள்: யாருமில்லை." ஒப்பந்தமே 'ஆளில்லா' என்ற சொல்லுக்காகக் கிடைத்தது. ஆள் இருந்ததாக எப்படி எழுதுவார்கள்?

யோங்தேயின் கைப்பேசியில் கம்பெனி மேலாளர் ப்யோன் அன்று அனுப்பிய செய்தி இருக்கிறது: "அண்ணே, டப்பா மாட்டிக்கிச்சு. கொஞ்சம் வந்து பாருங்க."

பாருங்க. குழாய் ஒழுகினால் பிளம்பரிடம் சொல்வோமே, அந்தப் 'பாருங்க'. கம்பெனி வக்கீல் அதற்கு உரை எழுதினார்: பார்க்கத்தான் அழைத்தோம். பார்வையாளராக வந்தவர் நடைபாதையில் வழுக்கி விழுந்தார். ஆகவே இது தொழில் விபத்து அல்ல.

இடுப்பெலும்பு நொறுங்கியவனுக்கு வேடிக்கை பார்க்க வந்தவன் என்று பட்டம்! முப்பது வருடமாகச் சொற்களை விற்கிறேன், எனக்கு இந்தச் சாமர்த்தியம் வந்ததில்லை.

(அன்று மொட்டைமாடியில் அவர் கயிற்றுக்குக் காவல் நின்ற சூதொக்? அவர் இப்போது ரோபோ கண்காணிப்பாளர். கழுத்தில் அட்டை. அவரும் யாரையும் பார்க்கவில்லையாம்.)

4

ப்யோன் பேரிக்காய்ப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார்.

"எழுதும்போது திரையை இழுத்து விட்டுருவீங்கல்ல சார்?"

"சில நாள்..."

"அன்னிக்கும் விட்டிருப்பீங்க. எதையும் பார்க்கலைன்னு இங்க ஒரு கையெழுத்து. குடியிருப்போர் சங்கத்துலயும் இதைத்தான் விரும்புறாங்க. கட்டடத்தோட பேரு இருக்குல்ல?"

போட்டேன். பேரிக்காய் நல்ல இனிப்பு. (இந்த வரியை வெட்டச் சொல்வார்கள். வெட்ட மாட்டேன்.)

போன வாரம் யோங்தேயின் மனைவி ஓக்ஹி வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவுமில்லை.

"நீங்க எழுதுற கொலையெல்லாம் கண்ணால பார்த்த மாதிரி இருக்கும்னு சொல்லுவாரு. ஆஸ்பத்திரியிலயும் உங்க தொடரைத்தான் படிச்சுக்கிட்டுக் கெடக்காரு."

"நான் என்னம்மா..."

"கண் முன்னால நடந்ததுக்கு மட்டும் திரை போட்டிருந்துச்சோ? நல்ல திரை சார். எந்தக் கடையில வாங்கினீங்க?"

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. டப்பாவின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. கடைசி நிமிடத்தில் அந்தப் பதிவு (அதன் கேமராவுக்குக் கண்ணாடியின் அழுக்கு மட்டும்தான் தெரியும்.)

ஆ. சூதொக் மனம் திருந்தி, அட்டையைக் கழற்றி வீசி (அவருக்குக் கல்லூரியில் படிக்கும் பெண்கள் இரண்டு பேர். அவரைத் திருந்தச் சொல்ல நான் யார்?)

இ. நான்.

'இ'யை ஏழு முறை தொடங்கினேன். எல்லாவற்றிலும் கதாநாயகன் அழகாகப் பேசினான். எல்லாவற்றையும் கிழித்தேன்.

6

இன்று பத்து மணிக்குத் தொழிலாளர் நல அலுவலகத்தில் விசாரணை. சாட்சி இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். யோங்தே சாகும்வரை வேடிக்கை பார்க்க வந்தவர்தான். சாட்சி சொல்லப் போகிறவன் முதலில் 'என் கையெழுத்து பொய்' என்று சொல்ல வேண்டும். அதன்பிறகு இந்தக் கட்டடத்தின் லிப்டில் யாரும் அவனுக்கு வணக்கம் சொல்ல மாட்டார்கள்.

போனேன் என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். போகவில்லை என்று எழுதினால் என்னைத் திட்டிவிட்டு அதே நிம்மதியோடு புரட்டுவீர்கள். இரண்டையும் தர மாட்டேன்.

மணி ஒன்பது பத்து. கதவைத் தட்டுகிறார்கள். ஓக்ஹியின் குரல்:

"டாக்ஸி நிக்குது சார். அவரு உள்ள உக்காந்திருக்காரு. வர்றீங்களா, நாங்க கிளம்பட்டுமா?"

பதில் சொல்ல வேண்டியது நீங்கள். உரக்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டடத்தில் கதவுகள் தடிமன்.