பூநாரைக்குப் போட்ட பாத்தி

மழை இறங்கி உப்பளத்தில் வேலை நின்றுவிட்டால் மரக்காணத்து ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். சிலர் பிரம்மதேசம் பக்கம் நடவுக்கு, சிலர் கட்டட வேலைக்கு. சிலர் வீட்டிலேயே படுத்துக்கொண்டு பெண்டாட்டியிடம் வசவு வாங்குவார்கள். இருசப்பன் மட்டும் மிருகக்காட்சிசாலைக்குப் போவார். பதினோரு வருஷமாக, கார்த்திகையில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை, தை பிறந்து உப்புப் பாத்தி மிதிக்க ஆள் கூப்பிடுவதற்குள் இன்னொரு தடவை. மூன்று மணி நேரப் பஸ். எந்த நகரம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் கோபம் வரும். சொல்லாவிட்டால் எல்லா ஊர்க்காரர்களும் தங்கள் ஊர்தான் என்று நினைத்துக்கொள்வார்கள், அதுவே மேல்.

அவர் போவது ஒரு பறவைக்காக. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு பங்குனிக் காலையில், அளத்தை ஒட்டிய கழிச் சேற்றில், இறக்கை ஒடிந்த பூநாரை ஒன்று விழுந்து கிடந்தது. கரண்டு கம்பியில் அடிபட்டிருக்க வேண்டும். இருசப்பன் அதைத் தலைத்துண்டில் சுற்றித் தூக்கி வந்து, வனத்துறை ஜீப் வரும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து யாரோ போனில் சொன்னார்கள்: இனிமேல் பறக்காது, ஆனால் பிழைத்துவிட்டது, நகரத்து ஜூவில் விட்டிருக்கிறோம், வேண்டுமானால் போய்ப் பாருங்கள். வேண்டுமானால் என்று அவர்கள் சொன்னது உபசாரத்துக்கு. இருசப்பன் நிஜமாகவே போய்விட்டார்.

அன்றைக்கு அங்கே ஆறு பூநாரைகள் இருந்தன. ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் கணுக்கால் அளவு தண்ணீர், சுற்றிலும் கம்பி வலை. வலது இறக்கை கோணலாகத் தொங்கியதை வைத்து இருசப்பன் தன்னுடையதைக் கண்டுபிடித்தார். எல்லோரும் அலகைப் பார்ப்பார்கள், கழுத்தைப் பார்ப்பார்கள். முப்பத்தைந்து வருஷம் உப்புத் தண்ணீரில் நின்று கால் வெடித்தவர் என்பதால் அவர் பாதத்தைத்தான் பார்த்தார். பறவை ஒரு காலை வைக்கும், எடுக்கும், மறுகாலை வைக்கும், அதையும் எடுக்கும். சுடுதரையில் செருப்பில்லாமல் நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். அன்றே ஆபீசுக்குப் போய், சிமெண்ட்டில் நின்று நின்று அதற்குக் கால் வலிக்கிறது, கொஞ்சம் மண் போட்டால் தேவலை என்று சொன்னார்.

ஆபீசில் இருந்தவர் சிரித்தார். பூநாரை ஒற்றைக் காலில்தான் நிற்கும், வெளியே போர்டிலேயே எழுதியிருக்கிறோமே, படிக்கவில்லையா என்றார். ஒற்றைக் காலில் நிற்பது வேறு, காலைக் கீழே வைக்க முடியாமல் நிற்பது வேறு என்று இருசப்பன் சொன்னார். அப்படியானால் கருத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகச் சொன்னார்கள். எழுதினார். அடுத்த வருஷமும் எழுதினார். அதிகாரிகள் மாறினார்கள், பதிவேடு மாறியது, அவர் கையெழுத்து மட்டும் மாறவில்லை. ஒருவர் டெண்டர் விட வேண்டும் என்றார், ஒருவர் கமிட்டி கூட வேண்டும் என்றார், ஒருவர் நீங்க பறவை டாக்டரா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் இருசப்பனுக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். வாசலில் பழைய வளைவை இடித்துப் புது வளைவு கட்டினார்கள். நரி இருந்த இடத்தில் நரி செத்துப்போனதும் சிமெண்ட்டில் டைனோசர் செய்து வைத்தார்கள். அதற்குச் சாப்பாடும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். பேட்டரி வண்டி வந்தது. டிக்கெட்டைப் போனில் எடு என்றார்கள், இருசப்பனிடம் பட்டன் போன், அதனால் ஒவ்வொரு தடவையும் வரிசையில் யாரையாவது கெஞ்ச வேண்டியதாயிற்று. பூநாரைக் கூண்டுக்கு எதிரே இதய வடிவில் ஒரு வளையம் நட்டு, உள்ளே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வசதி செய்து கொடுத்தார்கள். போட்டோவில் பறவையும் விழும். பறவை மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டு வந்தது.

போன கார்த்திகையில் அவர் போனபோது ஒன்றுதான் மீதி இருந்தது. கோணல் இறக்கை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இருசப்பன் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. எத்தனை தடவைதான் ஒரே வரியை எழுதுவது.

அந்தப் பக்கத்துப் பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆண்டாள்தான் அவரை நிறுத்தினாள். ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஊழியர். அவளுக்கும் ஆபீசுக்கும் ஆகாது, ஆனால் வாயைத் திறந்தால் வேலை போகும். கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டு, பறவையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதன் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். நடுவில் கால் ஆணி மாதிரி தடித்து, வெடித்து, சீழ் கோத்திருந்தது. டாக்டர் மருந்து போடுகிறார், போட்டுவிட்டு மறுபடி அதே சிமெண்ட்டில்தானே விடுகிறோம் என்றாள். மற்ற ஐந்தும் இப்படித்தான் ஆரம்பித்தனவாம்.

"புது சாரு வந்துருக்காரு. இந்த ஒரு தடவ மட்டும் போய்ப் பேசுங்கண்ணா. இதுவும் போயிடும்."

புது அதிகாரியின் பெயர் அருள்மொழி. முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையாக உட்காரச் சொன்னார். பழைய பதிவேடுகளில் இருசப்பனின் பெயரைப் பார்த்திருக்கிறேன் என்றார். ஆனால் அவர் கையிலும் ஒன்றுமில்லை. மண் போட வேலை எழுதினால் அடுத்த வருஷம்தான் வரும். இருசப்பன் சற்று யோசித்துவிட்டு, மண்ணும் நானே கொண்டுவருகிறேன், வேலையும் நானே செய்கிறேன், பரம்பரையாகச் செய்கிற வேலைதான் என்றார். அருள்மொழிக்கு முகம் மலர்ந்தது. பொதுமக்கள் பங்களிப்பு என்று எழுதிக்கொள்ளலாம், திறப்பு விழா மாதிரிகூட வைக்கலாம் என்றார்.

இருசப்பன் ஊருக்குப் பறந்தார். அள முதலாளி ராமதாஸ் அவருக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஒரு மினி லாரி நிறையக் களிமண் கொடுத்து வண்டியையும் அனுப்பினார். மார்கழியில் நல்லவேளையாக நாலு நாள் மழை விட்டது. மனைவி முத்தம்மாளும் கிளம்பிவிட்டாள். இத்தனை வருஷமாகத் தன் புருஷனைப் பறித்துக்கொண்ட சக்களத்தியைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆண்டாள் வீட்டில் தங்கிக்கொண்டார்கள். பறவையைப் பக்கத்துக் கூண்டில் அடைத்துவிட்டு, தண்ணீரை வடித்து, சிமெண்ட் தரைமேல் ஒரு முழத்துக்குக் களிமண்ணைப் பரப்பினார்கள்.

பிறகு மிதித்தார்கள். பாத்தி மிதிப்பது பார்ப்பதற்கு நடப்பது போலத்தான் இருக்கும். குதிகாலை ஊன்றி, ஒரு மிதியின் மேல் அடுத்த மிதி பாதி விழும்படி, வரிசை பிசகாமல் போய், திரும்பி, குறுக்கே வர வேண்டும். காயவிட்டு, தண்ணீர் தெளித்து, மறுபடியும் மிதிக்க வேண்டும். குதிகால் தடம் பதிந்துகொண்டிருக்கும் வரை அது பாத்தி இல்லை, வெறும் மண். இருசப்பன் மூன்று நாள் மிதித்தார். முழங்கால் வீங்கியது. எந்த முதலாளிக்கும் அவர் இவ்வளவு சிரத்தையாக மிதித்ததில்லை. மூன்றாம் நாள் மதியம் தரை பலகை மாதிரி வழுவழுவென்று மின்னியது. தண்ணீர் விட்டார்கள், கலங்கவே இல்லை. மரக்காணத்தில் இப்படி ஒரு பாத்தியைக் காட்டச் சொல் பார்க்கலாம் என்று முத்தம்மாளிடம் சொன்னார்.

அருள்மொழி வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு இறங்கி, குதித்துப் பார்த்தார். "சூப்பர். சிமெண்ட் மாதிரி நிக்குது."

இருசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நாளைக் காலை பத்து மணிக்கு மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார்கள், நீங்கள் இருவரும் வெள்ளை உடுத்திக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அருள்மொழி போனார். ஆண்டாள் பறவையைக் கொண்டுவந்து தண்ணீரில் விட்டாள்.

பறவை நின்றது. இடது காலை வைத்தது. எடுத்தது. வலதை வைத்தது. எடுத்தது.

புதுசில்லையா, போகப் போகப் பழகிவிடும் என்றார் இருசப்பன். முத்தம்மாள் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடுமையில்லாமல்தான் கேட்டாள்.

"இன்னாங்க, இத நீ எங்க எடுத்த? நம்ம பாத்தியிலயா, கழிச் சேத்துலயா?"

சேற்றில்தான். முழங்கால் புதைகிற சேற்றில். பாத்தியில் பூநாரை வந்து நின்று அவர் ஒருநாளும் கண்டதில்லை. பறவைக்கு மண் வேண்டும் என்று பதினோரு வருஷம் தொண்டை கிழியச் சொன்னவர், மண் கைக்கு வந்ததும் அதைச் சிமெண்ட்டாக்கிவிட்டார். அவர் காலுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். போகப் போகப் பழகிவிடும் என்று சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை நாள் யாரை வைதாரோ அவர்களில் ஒருவராக அரை நிமிஷம் அவரே நின்றிருக்கிறார்.

நேரே ஆபீசுக்குப் போய், தப்பு செய்துவிட்டேன், கொத்திவிட வேண்டும் என்றார். அருள்மொழி பொறுமையாகத்தான் கேட்டார். நாளைக்குத் திறப்பு, படம் எடுத்து மேலே அனுப்பியாகிவிட்டது, இப்போது போய்க் கலைத்தால் என்ன சொல்வது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்புறம் என்றால் எப்போது என்று கேட்டார் இருசப்பன். சித்திரையில் கமிட்டி கூடும் என்றார் அருள்மொழி.

கோபமாகப் பேசியிருந்தால்கூட இருசப்பன் திருப்பிப் பேசியிருப்பார். ஆனால் அந்த மனுஷன் நல்லவர். நல்லவர் வாயிலிருந்தும் இதேதான் வருகிறது என்றால் இனி யாரிடம் போய்ச் சொல்வது. அவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

மணி நாலு. கூண்டுக்கு வந்து, ஆண்டாளை மான்கள் பக்கம் போய் இருக்கச் சொன்னார். கேட்டால், சாவியை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று சொல்லச் சொன்னார். அவள் சாவியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். இருசப்பன் மண்வெட்டியோடு இறங்கினார். முதல் வெட்டுக்குத் தரை அசையவில்லை, அத்தனை நல்ல பாத்தி. இரண்டாவது வெட்டில் விட்டது. பறவை மிரண்டு ஓடி, மூலையில் இருந்த திட்டில் ஏறி நின்றுகொண்டது. முத்தம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். அவர் வெட்ட வெட்ட அவள் காலாலேயே கட்டிகளை உடைத்து, தண்ணீரில் குழைத்துக்கொண்டே வந்தாள். மூன்று நாள் வேலை ஒரு மணி நேரத்தில் கருஞ்சேறாகிவிட்டது. இதய வளையத்துக்குள் நின்றிருந்த ஒரு ஜோடி, பயந்துபோய் போட்டோ எடுக்காமலேயே நகர்ந்தது.

செக்யூரிட்டியோடு அருள்மொழி வந்தபோது இருசப்பன் இடுப்புவரை சேறாக நின்றிருந்தார். அருள்மொழி கத்தவில்லை. உங்களை நம்பினேனே என்று மட்டும் சொன்னார். ஒரு தாள் வந்தது. அரசாங்க இடத்துக்குச் சேதம் விளைவித்ததை ஒப்புக்கொள்கிறேன், இனி இந்த வளாகத்துக்குள் வர மாட்டேன் என்று எழுதியிருந்தது. போலீசுக்குப் போகாமல் இதோடு விடுவதே பெரிய தயவு என்று செக்யூரிட்டி சொன்னார். இருசப்பன் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"இத மறுபடி கெட்டியாக்கிடாதீங்க சார். அவ்ளோதான் கேக்குறேன்."

அருள்மொழி சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பறவை இன்னும் திட்டை விட்டு இறங்கவில்லை. இறங்குகிற வரைக்கும் ஒரு அஞ்சு நிமிஷம் நிற்கட்டுமா என்று இருசப்பன் கேட்டார். பதினோரு வருஷம் வந்தவருக்கு அந்த அஞ்சு நிமிஷம் கிடைக்கவில்லை. மூடுகிற நேரமாகிவிட்டது என்று செக்யூரிட்டி தோளைத் தொட்டார். முத்தம்மாள் மட்டும், துணிப்பையும் சாப்பாட்டுத் தூக்கும் உள்ளே இருக்கிறது என்று சொல்லி, எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

பஸ்ஸில் கடைசி சீட் கிடைத்தது. காய்ந்த சேறு வேட்டியிலிருந்து உதிர்ந்துகொண்டே இருந்தது, கண்டக்டர் முறைத்துவிட்டுப் போனார். இனி கார்த்திகையில் என்ன செய்வது, அந்தப் பறவை இருக்கிறதா செத்ததா என்று யார் சொல்வார்கள் என்றெல்லாம் நினைக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"எறங்கிச்சு," என்றாள் முத்தம்மாள்.

இருசப்பன் சட்டென்று திரும்பினார். "எப்போ?"

"பை எடுக்கப் போனேன் இல்ல, அப்போ. மெதுவா எறங்கி நடுவுல வந்து நின்னுச்சு."

"காலு? கால எப்படி வெச்சுது? மாத்தி மாத்தி வெச்சுதா?"

"கால நான் எங்க பாத்தேன். சேத்துக்குள்ள போயிடுச்சே, தெரியவே இல்ல."

இருசப்பன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. முத்தம்மாள் அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, மரக்காணம் வரும்வரை எடுக்கவில்லை.