போர் தண்ணீருக்குப் பச்சை

தண்ணீரில் நஞ்சு இருந்தால் பளிச்சென்று ஒளிரும்படி மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் குப்பியில் அடைத்து, அந்த வெளிச்சத்தை ஃபோனுக்குச் செய்தியாக அனுப்புவதுதான் ஹரீஷின் கம்பெனி. வெளிச்சம் வந்தால் சிவப்பு, வராவிட்டால் பச்சை. ஹரீஷ் கோயம்புத்தூரிலிருந்து வந்த சாஃப்ட்வேர்காரர். அந்த பாக்டீரியாவுக்கு வேளாவேளைக்குத் தீனி போட்டு வளர்ப்பதெல்லாம் உள்ளூர்க்காரி, தாபோடியில் வளர்ந்த எஸ்தர்தான்.

உயிரோடு இருக்கும்வரை அவை சும்மாவே கொஞ்சம் மினுங்கும். ஃபோனில் அது ஓயாமல் நெளியும் கோடாகத் தெரிந்தது.

"இது வெறும் நாய்ஸ். கஸ்டமர் பயந்துடுவாங்க, எடுத்துடலாம்," என்றார் ஹரீஷ்.

"அது இருந்தாத்தான் சார், உசுரோட இருக்குன்னு தெரியும்."

"உங்களுக்கு பயாலஜி தெரியும். எனக்கு வியாபாரம் தெரியும்," என்று சிரித்தார். எஸ்தருக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்தக் கோட்டை எடுத்துவிடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

முதல் குப்பியைக் கசார்வாடியில், அக்கா ஜான்சி குடியிருந்த லைன் வீடுகளின் போர்வெல்லில் அவளே இறக்கினாள். பக்கத்திலேயே முலாம் பூசும் பட்டறைகள் இருந்ததால் அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. மறுநாள் ஃபோன் பச்சை காட்டியது. "தாராளமா குடிக்கலாம்க்கா," என்று பெருமையடித்துக்கொண்டதும் அவள்தான். ஜான்சி கேன் தண்ணீரை நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது வாரம் குப்பியை எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட உயிரோடு இல்லை. நஞ்சின் கடுமையில் ஒளிர்வதற்குள்ளேயே எல்லாம் செத்திருந்தன. வெளிச்சம் வராததைச் சுத்தம் என்று எடுத்துக்கொண்டது ஃபோன்.

ஹரீஷை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னாள். "கஸ்டமருக்கு ரிப்போர்ட் போயாச்சும்மா. வேற குப்பி போடுங்க, பாத்துக்கலாம்," என்றார்.

பாத்துக்கலாமாம். குடிக்கிறது இவர் வீட்டுப் பிள்ளையா என்ன? கசார்வாடிக்கு ஸ்கூட்டியை விரட்டினாள்.

ஜான்சி ஆறு மாதக் குழந்தைக்குப் பால்பவுடர் கலக்கிக்கொண்டிருந்தாள். எஸ்தர் பாட்டிலைப் பிடுங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள்.

"அரே, என்னாச்சு உனக்கு?"

"தண்ணில விஷம்க்கா. குப்பில இருந்ததெல்லாம் செத்துப்போச்சு. அதான் பச்சை காட்டிருக்கு."

ஜான்சி குழந்தையைப் பார்த்தாள்.

"எப்போ செத்துச்சு? மொத நாளேவா, நேத்தா?"

"தெரியலக்கா."

தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி அந்த நெளியும் கோடு; அதைத்தான் கையெழுத்துப் போட்டு எடுக்கவிட்டிருந்தாள்.

ஜான்சி குழந்தையை அள்ளிக்கொண்டு தெருமுனைக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். பின்னாலேயே ஓடிவந்த தங்கையை அவள் ஏறச் சொல்லவில்லை.