உள்ளே தாழ் இல்லாத கூண்டு

கோழிக் கூண்டு கட்டுவதற்கு வெகு முன்பே அவளுக்கு வீட்டில் மேஸ்திரி என்றுதான் பெயர். ஒழுகும் குழாய், ஆடும் நாற்காலி, திறக்காத ஜன்னல் என்று எதுவானாலும், ஆளைக் கூப்பிடலாமா என்று புருஷன் கேட்டு முடிப்பதற்குள் அவள் ஏணியில் நிற்பாள். பேருந்து ஓட்டுகிற அவனுக்கு ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. கிண்டல் செய்ய மட்டும் நன்றாகத் தெரியும். அவன் விளையாட்டாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

முதலில் கட்டிய மரக்கூண்டின் கொக்கியை ஒரு திருட்டுப் பூனை தட்டித் திறந்துவிட்டது. காலையில் கொல்லை முழுக்க இறகு. அன்று வந்த ஆத்திரத்தில் கட்டியதுதான் இரண்டாவது கூண்டு. ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம், கட்டைவிரல் நுழையாத கண்ணுள்ள இரும்பு வலை, மேலே தகரம். எதுவும் தோண்டிக்கொண்டு வராதபடி வலையை மண்ணுக்குள் முழ ஆழத்துக்குப் புதைத்தாள். திருகுகளையெல்லாம் வெளிப்பக்கத்திலிருந்து, வாஷர் வைத்து இறுக்கினாள். மூன்று பக்கம் வலை, நான்காவது பக்கம் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான செங்கல் சுவர். கதவுக்கு ஸ்பிரிங் வைத்த கீல். கையை விட்டால் தானே சாத்திக்கொள்ளும், தாழ்ப்பாள் வெளியே தானே விழும்.

புருஷன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "எல்லாம் சரி மேஸ்திரி, உள்ள ஒரு தாழ் வைக்கலையே?"

"கோழி என்ன, உள்ள தாழ் போட்டுக்கிட்டுத் தூங்கவா போகுது?"

அவன் சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினான். அந்த வீட்டில் கடைசி வார்த்தை எப்போதும் மேஸ்திரியுடையதுதான்.

தண்ணீர் ஏற்பாடுதான் அவளுக்குப் பிடித்த வேலை. கூண்டுக்கு வெளியே செங்கல் மேடையில் ஒரு நீல டிரம். அதிலிருந்து ஒரு குழாய் உள்ளே வந்து, வளைவான முட்டி இணைப்பு ஒன்றில் திரும்பி, கோழியின் தலை உயரத்தில் சுவரோரமாக ஓடும். குழாயின் அடியில் வரிசையாகச் சிவப்பு நிப்பிள்கள். கோழி அலகால் கொத்தினால் ஒரு சொட்டு இறங்கும். கிண்ணம் கிடையாது, எச்சம் விழாது. டிரம்மில் தண்ணீர் குறைந்தால் ஒரு மிதவை இறங்கி, மாடித் தொட்டியிலிருந்து தானே நிரப்பிக்கொள்ளும். இவள் ஊருக்குப் போனாலும் கோழி தாகத்தில் சாகாது.

அந்த மிதவைதான் சண்டைக்கும் காரணம். ஒருநாள் அது மாட்டிக்கொண்டு டிரம் வழிந்தது. சுவரின் அடியில் இருந்த பழைய மழைநீர் ஓட்டை வழியாக எச்சத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அங்கே தனியாக இருப்பவள் ஒரு தையல்காரம்மா. பின்கட்டில், சுவரை ஒட்டித்தான் அவளுடைய மிஷின். யாரோ ஒரு மணப்பெண்ணுக்குத் தைத்து முடித்திருந்த வெள்ளை உடுப்பின் விளிம்பு அந்தத் தண்ணீரில் ஊறியது. அவள் கத்தினாள். இவள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "துணியைத் தரையில போட்டுட்டு ஊரைக் குத்தம் சொல்லாதீங்க" என்றாள். அதுவரை அக்கா, அக்கா என்று ஒட்டி உறவாடியவர்கள் எலியும் பூனையுமானார்கள். மேஸ்திரி அந்த ஓட்டையைப் பழைய துணியும் சிமெண்ட்டும் வைத்து அடைத்தாள். அதன் பிறகும் சுவரில் ஈரம் தெரிந்தால் போதும், தையல்காரம்மா அந்தப் பக்கத்திலிருந்து கட்டையால் தட்டுவாள். இவளும் சளைக்காமல், பெயர் சொல்லாமல், கோழிகளைத் திட்டுகிற சாக்கில் அவளைத் திட்டுவாள். கோழிக்கு என்ன, ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடும்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. புருஷன் வேலைக்குப் போயிருந்தான். கூடத்தில் தரைமெத்தையில் குழந்தை தூங்கினாள். இப்போதுதான் தவழ்ந்து, எதைக் கண்டாலும் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். மேஸ்திரி பால் புட்டிகளை ஒரு பாத்திரத்தில் போட்டு அடுப்பில் கொதிக்க வைத்தாள். கொதிக்கிற நேரத்தில் கோழிகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று கொல்லைக்கு வந்தாள். அவை அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. இரண்டு நிப்பிளில் தண்ணீர் இறங்கவில்லை போலிருந்தது.

எப்போதும் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நுழைவாள். அன்று கதவைத் திறந்ததும் செம்பட்டைக் கோழி ஒன்று அவள் கால் இடுக்கில் புகுந்து வெளியே ஓடப் பார்த்தது. கோழி வளர்க்கிற எவளும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். சட்டென்று உள்ளே போய், குதிகாலால் கதவைப் பின்னால் இழுத்தாள். மீதியை ஸ்பிரிங் பார்த்துக்கொண்டது. டக் என்று தாழ் விழுந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். வலைக் கண்ணில் விரலை விட்டுத் தாழைத் தூக்கப் பார்த்தாள். சுண்டுவிரல் முதல் கணுவரைதான் போயிற்று. தோளால் கதவை இடித்தாள். அசையவில்லை. தகரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அதுவும் அவள் இறுக்கியதுதான். திருகின் தலைகள் எல்லாம் வெளியே, கைக்கு எட்டாமல் பளபளத்தன. கட்டியவள் கை அவ்வளவு சுத்தம்.

அப்போதுதான் அடுப்பு ஞாபகம் வந்தது. வலையில் முகத்தை அழுத்தி வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

கூண்டிலிருந்து பார்த்தால் திறந்து கிடந்த கொல்லைக் கதவும், அதற்குள் அடுப்பங்கரையின் பாதியும் தெரிந்தன. அடுப்பு தெரியவில்லை. மேடையின் விளிம்பும், அதிலிருந்து தொங்கிய கரித்துணியும் தெரிந்தன. அந்தத் துணியின் மறுமுனையைப் பாத்திரத்தின் கைப்பிடியில் அவள்தான் சுற்றிவிட்டு வந்திருந்தாள், இறக்கும்போது கை சுடாமல் இருக்கட்டும் என்று.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினாள்.

ஒரு பக்கம் விடுமுறையில் பூட்டிக் கிடந்த மரக்கிடங்கு. இந்தப் பக்கம் சுவர், சுவருக்கு அப்பால் தையல் மிஷின் ஓடும் சத்தம். அந்த 'யாராவது' யார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அக்கா என்று வாய் வரவில்லை. மறுபடி கத்தினாள். மிஷின் நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த கணம் மிஷின் முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் போன் அடித்தது. புருஷன்தான். ஓய்வு கிடைத்தால் கூப்பிடுவான். எடுக்க ஆள் இல்லாமல் அது அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

"அடிக்காதே, அடிக்காதே, வச்சுடு பாவி," என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். மூன்றாம் முறை அடித்தபோது கூடத்திலிருந்து குழந்தையின் சிணுங்கல் கேட்டது.

இப்போது மானமாவது ரோஷமாவது. "அக்கா! அக்கா! குழந்தை, அக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். சுவரைக் கையால் அறைந்தாள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. சிணுங்கல் நின்றுவிட்டது. அழுதால்கூடத் தேவலை, அந்தக் குழந்தை அழாமல் இருந்தால் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

அடுப்பங்கரைத் தரையில் ஒரு சின்னக் கை தெரிந்தது. பிறகு தலை. தவழ்ந்து வந்து நடுவில் உட்கார்ந்து, கொல்லைப் பக்கம் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாடி தங்கம், இங்க வா! அம்மாகிட்ட வா!" என்று மேஸ்திரி கூப்பிட்டாள். வாசலில் படிக்கட்டு இருப்பது கூப்பிட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. வா என்றால் படியில் உருளுவாள். வராதே என்றால் அடுப்புக்குப் போவாள். பெற்றவளுக்கு இப்படி ஒரு நிலைமை வரவே கூடாது. அதற்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்துவிட்டது. பாத்திரத்தில் தண்ணீர் வற்றியிருக்க வேண்டும். குழந்தை மூக்கைச் சுளித்தாள், திரும்பினாள், தொங்குகிற துணியைப் பார்த்தாள்.

கத்தினால் அந்தப் பொம்பளை வரமாட்டாள். எதற்கு வருவாள்? மேஸ்திரியின் கண் சுவரின் அடியில் போய் நின்றது. ஒரு சொட்டு ஈரத்துக்குக் கட்டையை எடுத்துக்கொண்டு வருகிறவள் அல்லவா அவள்.

தீவனம் அள்ளுகிற இரும்புக் கரண்டியை எடுத்து, அடைத்த ஓட்டையில் குத்தினாள். நல்லவேளை, கோபத்தில் பூசிய சிமெண்ட். கையளவு பெயர்ந்து வந்தது. துணியை விரல் விட்டுப் பிடுங்கினாள், நகம் கிழிந்தது. பிறகு குழாயை இரண்டு கையாலும் பற்றி, முட்டி இருந்த இடத்தில் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினாள். பசை போட்டு ஒட்டிய வேலை. அசையவில்லை. குழந்தை மேடையின் அடிப்பலகையைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மேஸ்திரி ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு மறுபடி தொங்கினாள். குழாய் படாரென்று உடைந்து அவள் மல்லாக்க விழுந்தாள். கோழிகள் கத்திக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் பறந்தன.

தண்ணீர் கொட்டியது. எச்சத்தையும் உமியையும் கரைத்துக்கொண்டு சுவரோரமாக ஓடி, ஓட்டைக்குள் நுழைந்தது. உமி அடைத்துக்கொள்ளாதபடி அவள் மண்டியிட்டு இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினாள். போ, போ, அவள் துணியெல்லாம் நாசமாகப் போகட்டும், போ!

மிஷின் நின்றது.

"அடியே! உனக்கு எவ்வளவு திமிர் இருந்தா..." கூண்டின் பக்கவாட்டு வலைக்கு அப்பால், சுவருக்கு மேல் நரைத்த தலை ஒன்று எழுந்தது. ஸ்டூலில் ஏறி நின்றிருந்தாள் தையல்காரம்மா. கையில் கட்டை. முழுத் திட்டையும் வாயில் வைத்திருந்தவள், எச்சச் சேற்றில் மண்டியிட்டுக் கிடந்தவளின் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, பிள்ளை! அடுப்பு! என்னை விடுங்க, பிள்ளையைப் பாருங்க!"

தையல்காரம்மா வீட்டுப் பக்கம் பார்த்தாள். கட்டையை அங்கேயே போட்டாள். முழங்கால் வலி என்று கடைக்குக்கூட ஆள் அனுப்புகிறவள் எப்படித்தான் சுவரில் காலைப் போட்டாளோ, கூண்டின் தகரத்தில் தொப்பென்று இறங்கினாள். தகரம் தாங்கியது. அதன் விளிம்பில் வயிற்றால் வழுக்கித் தரையில் விழுந்து, எழுந்து, கூண்டுக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள். அதற்காகவே மேஸ்திரி அவளுக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவள்.

குழந்தையின் கை துணியைப் பிடித்துவிட்டிருந்தது. தையல்காரம்மாவின் முதுகு வாசலை மறைத்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பாத்திரம் தரையில் விழுந்து உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

மேஸ்திரி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமியைக்கூடக் கூப்பிடவில்லை. காது மட்டும்தான் உயிரோடு இருந்தது.

குழந்தை வீறிட்டாள். பயந்த அழுகையா, வலியா என்று தாய்க்குத் தெரியும் என்பார்கள். பொய். அவளுக்குத் தெரியவில்லை.

அடுப்பை அணைக்கிற சத்தம். இருமல். பிறகு இடுப்பில் குழந்தையோடு தையல்காரம்மா படி இறங்கி வந்தாள். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, பயந்துருச்சு அவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அது குழந்தைக்கா, தாய்க்கா, தனக்கா என்று தெரியவில்லை. கூண்டின் முன்னால் நின்று தாழைத் தடவினாள். "இது எந்தப் பக்கம் திறக்குது?"

"மேல தூக்குங்க."

கதவு திறந்தது. மேஸ்திரி குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். தலை, முகம், கை, கால் என்று தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அதன் பிறகுதான் எதிரில் நின்றவளின் வலது கையைக் கவனித்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கன்றிச் சிவந்து, ஓரங்களில் தோல் உப்பத் தொடங்கியிருந்தது. கத்தரி பிடிக்கிற கை. விழுந்த பாத்திரத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் அந்தக் கைதான் போயிருக்கிறது.

"ஐயோ, வாங்க, உள்ள வாங்க," என்று மேஸ்திரி அவளைக் கூண்டுக்குள்ளேயே இழுத்தாள். இந்த முறை கதவுக்குச் செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். உடைந்த குழாயிலிருந்து இன்னும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வெந்த கையை அதன் அடியில் பிடித்தாள். தையல்காரம்மா வலியில் உதட்டைக் கடித்தாள். கோழிகள் ஒவ்வொன்றாக வந்து அவர்கள் காலடியில் தேங்கியதைக் குடித்தன.

இடுப்பிலிருந்த குழந்தை கொட்டுகிற தண்ணீரை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள்.

"நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சு," என்றாள் தையல்காரம்மா. இவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மொத தடவையே கேட்டுச்சு. என்னைத்தான் திட்டுறேன்னு நெனச்சேன். மிஷினை வேகமா விட்டா உன் குரல் காதுல விழாது. அதான் விட்டேன்."

சொல்லிவிட்டுக் குரல் உடைந்து அழுதாள்.

மேஸ்திரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதே சத்தம் வந்திருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருப்பாள்.

"கையை எடுக்காதீங்கக்கா," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் தண்ணியிலயே இருக்கட்டும்."