குரங்கு மூஞ்சிக்கு ஒரு பெயர்

காலை ஐந்தரைக்கு எஃப்ரேன் எழுந்தான். அடுப்பில் ஒரு ஆளுக்குத் தண்ணீர் வைத்தான். முந்தைய நாள் அவித்த பச்சை வாழைக்காயைப் பாலாடைக்கட்டியோடு நின்றபடியே தின்றான். காப்பி குடித்தான். ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்து உதறிப் போட்டுக்கொண்டு நிழல்கூடத்துக்குப் போனான். நத்தைகளைப் பிடிக்க வைத்திருந்த பீர்க் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கொட்டினான். பதினான்கு செத்திருந்தன. தெளிப்பானில் மழைத்தண்ணீர் நிரப்பி முன்னூற்றுச் சொச்சம் ஆர்க்கிட் செடிகளுக்கும் தெளித்தான். பதினோரு மாதமாக இதே வரிசைதான். கடைசிக் கம்பியில் தொங்கிய பாசிக்கூடைக்கு வந்தபோது மொட்டு விரிந்திருந்தது.

கூடைக்கு அடியில் பூ தலைகுனிந்து தொங்கியது. வெளியிதழ் மூன்றும் நுனியில் நீண்ட வாலாக இழுபட்டிருந்தன. நடுவில் ஒரு குரங்கு மூஞ்சி. அதன் உதடு காளானின் அடிப்பக்கம் போல மடிப்பு மடிப்பாக இருந்தது, வாசனையும் காளான்தான். காளானில் முட்டையிடும் சின்ன ஈக்கள் ஏமாந்து உள்ளே போகும். மகரந்தத்தை முதுகில் சுமந்துகொண்டு வெறுங்கையோடு வெளியே வரும். மறுபடி அடுத்த பூவில் ஏமாறும்.

அவன் மனைவி யதீரா மரத்திலிருந்து விழுந்து செத்தபோது அவளோடு முறிந்து கீழே வந்த கிளையில் இருந்த செடி அது. அன்றைக்கு அதிலிருந்த பூ நசுங்கிவிட்டது. அடுத்த பூவுக்கு இத்தனை நாள் ஆயிற்று.

லென்ஸை எடுத்துப் பார்த்தான். அளந்தான். மறுபடி அளந்தான். ஏற்கெனவே பெயர் உள்ள வகைதான். உதடு மட்டும் ஒரு சாயல் வெளிறியிருந்தது. சுற்றியுள்ள சமோரா மலைகளில் ஓர் ஓடையைத் தாண்டினால் இந்தப் பூவுக்கு மூஞ்சி மாறும், ஒரு முகடு ஏறினால் வால் நீளும். இன்னும் சில லட்சம் வருடம் இந்த மலையில் தனித்து விட்டால் இது வேறொன்றாகப் பிரிந்துபோகலாம். இன்னும் பிரியவில்லை.

ஒன்பது மணிக்கு யதீராவின் அம்மா சோய்லா வந்தாள். பின்னால் நகராட்சியில் வேலை பார்க்கும் மகன் வில்மர். மகளின் சாவுக்குப் பிறகு அவள் இங்கே கால் வைத்ததில்லை. முன்பெல்லாம் அவளை அம்மா என்றுதான் எஃப்ரேன் கூப்பிடுவான்; இப்போது ஊரார் மாதிரி மரியாதையாகத் தோன்யா என்றான்.

"உக்காருங்க, தோன்யா சோய்லா."

"உக்கார வரல. நேத்து இவன் மொட்டப் பாத்துட்டு வந்து சொன்னான். நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

வில்மர் பூவுக்கு அடியில் குனிந்து பார்த்தான். "சனிக்கிழமை பேர் சூட்டற விழா, மச்சான். 'யதீராவின் பூ'ன்னு பேனர் அடிச்சாச்சு. மேயரே வர்றாரு. இது புது வகைன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடு, போதும்."

"புதுசு இல்ல."

"போன வருஷம் தலைநகர் கீட்டோலேர்ந்து ஒருத்தன் வந்தான். இதவிடக் கேவலமா ஒண்ணப் புடிச்சு, அவன் நாய் பேர வெச்சுட்டுப் போனான். நாய்க்குக் கெடைக்கும், எங்கக்காவுக்குக் கெடைக்காதா?"

"அந்த நாய் பேர அடிச்சுத் தள்ளத்தான் உங்கக்கா கட்டுரை எழுதிட்டிருந்தா."

அது உண்மை. மற்றவர்கள் பெயர் சூட்டச் செடி தேடினார்கள். அவர்கள் அவசரத்தில் சூட்டிய பெயர்களை, பழைய வகைதான் என்று காட்டி அடித்துப் போட யதீரா தேடினாள். நான்கு வருடத்தில் பதினோரு பெயரை அடித்திருந்தாள். அதனால் ஆர்க்கிட்காரர்களில் பாதிப் பேர் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"இதுக்கு அவ பேர வெச்சா பத்து வருஷத்துல இன்னொருத்தி வந்து அடிச்சிருவா. அவ பேரத்தான் அடிப்பா," என்றான்.

"பத்து வருஷம் கழிச்சு நான் இருக்கப் போறதில்ல," என்றாள் சோய்லா. "எனக்குப் புரியாதுன்னு நெனைக்காத. கொஞ்ச நாள் போகட்டும்னு பாக்கற, அப்புறம் ஒம் பேர்ல போட்டுக்குவ. அன்னைக்கு அவ ஏறின கயிறு ஒங்கையில இருந்துச்சு, அவ போயிட்டா. இன்னைக்குப் பூ ஒங்கையில இருக்கு."

எஃப்ரேன் தெளிப்பானைக் கீழே வைத்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"எனக்குன்னு மிஞ்சினது அவ கடைசியாக் கத்தினது ஒண்ணுதான். செல்போன எட்றா, வில்மர். சாவு வீட்ல இவன் சொன்னத இதுல சொல்லட்டும். விழாவுல எல்லாரும் கேக்கட்டும்," என்றாள் சோய்லா.

சாவு வீட்டில் சோய்லா சவப்பெட்டி மேல் கவிழ்ந்துகிடந்தாள். யார் தூக்கியும் எழவில்லை. எஃப்ரேன் அவள் காதருகே உட்கார்ந்து சொன்னான்: யதீராவே அடம்பிடித்து ஏறினாள், மேலே போய், 'புதுசு, அம்மாகிட்ட சொல்லு' என்று கத்தினாள். சோய்லா எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்த வார்த்தை கோயிலுக்குப் போனது, சந்தைக்குப் போனது, கல்லறைக் கல்லிலும் ஏறியது. அவனே சில நாள் அதை நம்பினான்.

வில்மர் போனை நீட்டினான். "சொல்லு, மச்சான்."

"அவ அப்படிச் சொல்லல."

சோய்லா ஓரடி முன்னே வந்தாள்.

"என்னது?"

"நான்தான் உண்டாக்கிச் சொன்னேன். நீங்க எழுந்திருக்கணும்னு சொன்னேன்."

சோய்லா எட்டிப் பாசிக்கூடையைப் பிடித்தாள். பூவின் வால்கள் அவள் மணிக்கட்டில் உரசின. பிய்த்து எறிவாள் என்று நினைத்தான். தடுக்கக் கை எழவில்லை. அவள் பிய்க்கவில்லை, பிடியை விடவுமில்லை.

"அப்ப என்னதான் சொன்னா?"

"வேணாம்."

"எம் பொண்ணு வாயிலேர்ந்து வந்தது. அத ஒளிச்சு வைக்க நீ யாரு? என்னைத் திட்டியிருந்தாலும் சரி, சொல்லு."

"ஒங்களத் திட்டல."

வில்மர் போனை இறக்கவில்லை. எஃப்ரேன் சோய்லாவின் முகத்தைப் பார்த்தான். அன்றைக்குத் தொலைநோக்கியில் கீழேயிருந்து பார்த்தவன் அவன்தான். உதடு வெளிறியிருக்கு, ஏறு, ஏறு என்று மூன்று தடவை சொன்னவனும் அவன்தான். யதீரா கடைசிக் கிளைக்குப் போய், பூவைத் திருப்பிப் பார்த்து, அவனைக் குனிந்து பார்த்துச் சொன்னாள். அவள் சொன்ன மாதிரியே சொன்னான்:

"பழசுதான் இது. ஒம் பேச்சக் கேட்டு ஏறினேன் பாரு, என்னச் சொல்லணும்."